இன்பத்திலும் துன்பத்திலும்: மணவாழ்வு குறித்து வாசகர் கேள்வி - பதில்

திருமண வாக்குறுதியைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஒட்டி வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். அவற்றுள் சில கடிதங்களுக்கு, மறைமாவட்டத் திருமண நடுவர் மன்றத்தில் (திருமண வழக்குகளை விசாரிக்கும் கத்தோலிக்கத் திருச்சபை மன்றம்) நெடுங்காலம் பணியாற்றிய அருள்தந்தை ஒருவர் பதில் தருகிறார். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம், கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

*

கேள்வி: அடுத்த மாதம் எனக்குத் திருமணம். பெங்களூருவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பெண்ணைப் பார்த்துப் பேசிப் பிடித்துத்தான் சம்மதித்தேன். ஆனாலும் ஒரு சந்தேகம் அரிக்கிறது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு என் மனம் எப்படியிருக்கும் என்று இன்றைக்கு எனக்கே தெரியாது. தெரியாத ஒன்றைப் பீடத்தின் முன் நின்று எல்லோர் காதிலும் விழ வாக்களிப்பது பொய் சொல்வதாகிவிடாதா, ஃபாதர்?
(கன்னியாகுமரி மாவட்ட வாசகர்)

பதில்: தம்பி, எதையும் யோசிக்காமல் ஒப்பிக்கிறவர்களைவிட நீங்கள் அந்த வாக்குறுதிக்கு அதிக மரியாதை கொடுக்கிறீர்கள். அதன் சொற்களை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்: “இன்பத்திலும் துன்பத்திலும், உடல் நலத்திலும் நோயிலும் நான் உனக்குப் பிரமாணிக்கமாயிருந்து, என் வாழ்நாளெல்லாம் உன்னை நேசிக்கவும் மதிக்கவும் வாக்களிக்கிறேன்.” உன்மேல் எனக்கு என்றும் ஆசை குறையாது என்றோ, உன்னோடிருக்கும்போது எப்போதும் மகிழ்ச்சியாயிருப்பேன் என்றோ அதில் ஒரு சொல்கூட இல்லை. ஆசைக்கும் மகிழ்ச்சிக்கும் யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. உண்மையாயிருப்பதும் மதிப்பதும் மனிதர் முடிவெடுத்துச் செய்யக்கூடியவை. அதனால்தான் அவற்றுக்கு வாக்குக் கேட்கப்படுகிறது. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1057ஆம் பிரிவும் திருமண இசைவை மனவுறுதியின் செயல் என்றே வரையறுக்கிறது.

வாக்குறுதிக்கு முன்பு குருவானவர் உங்கள் இருவரிடமும், யாருடைய கட்டாயமும் இல்லாமல் முழு மனச் சுதந்திரத்தோடு வந்திருக்கிறீர்களா என்று கேட்பார். அதற்குச் சில வாரங்கள் முன்பே பங்குத்தந்தை உங்களையும் பெண்ணையும் தனித்தனியாக உட்காரவைத்து அதே கேள்வியை விரிவாகக் கேட்டு எழுதி, கையொப்பம் வாங்குவார். அங்கே, பின்னால் வரிசையில் நிற்கிறவர்களை நினைத்து அவசர அவசரமாக ‘ஆம்’ போட்டுவிட்டு வராதீர்கள். திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் சான்றிதழ் எப்போது தருவார்கள் என்று கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலரைப் பிறகு நடுவர் மன்றத்தில், தடித்த கோப்பு ஒன்றின் மறுபக்கத்திலும் பார்த்திருக்கிறேன்.

இந்த ஒரு மாதத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எத்தனை பவுன் என்பதை இரண்டு வீட்டாரும் நாலு தடவை பேசி முடித்திருப்பார்கள். உங்கள் பெயரில் எவ்வளவு கடன் இருக்கிறது, உங்கள் பெற்றோருக்கு மாதம் எவ்வளவு அனுப்புகிறீர்கள், அவர் வேலையைத் தொடர்வாரா, தொடர்ந்து மருந்து சாப்பிடும் நோய் யாருக்காவது உண்டா என்பவற்றை யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அவற்றை நீங்கள் பேசுங்கள். பேசிய பிறகும் இருவருக்கும் சம்மதம் என்றால், நீங்கள் கொடுக்கப்போகும் வாக்கில் பொய் ஏதுமில்லை.

*

கேள்வி: எனக்குத் திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள், இரண்டு பிள்ளைகள். குடித்துவிட்டு வந்தால் அடிப்பார். போன தவக்காலத்தில் கை எலும்பு முறிந்து கட்டுப் போட்டேன். அம்மா வீட்டுக்குப் போனால், அன்பியத்துப் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு) பெரியவர்கள் வந்து, “கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்கக் கூடாது, இது உன் சிலுவை” என்று சொல்லித் திருப்பிக் கூட்டிவந்து விடுகிறார்கள். பிரிந்துபோனால் நான் கொடுத்த வாக்கை மீறியவள் ஆவேனா?
(தூத்துக்குடி மாவட்ட வாசகி)

பதில்: இல்லை, அம்மா. அந்த வாக்கு ஏற்கெனவே மீறப்பட்டுவிட்டது. மீறியவர் நீங்கள் இல்லை.

முதலில் நீங்களும் பிள்ளைகளும் பத்திரமான இடத்துக்குப் போக வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. 181 என்ற மகளிர் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார்; உங்கள் புகாரை எழுதி அரசின் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது அவர் வேலை. வீடு கணவர் பெயரில் இருந்தாலும் அதில் வசிக்கும் உரிமையை அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு உங்களுக்குத் தருகிறது. கை முறிந்தபோது மருத்துவமனையில் தந்த சீட்டுகளையும் எக்ஸ்ரே படத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இனி, அந்தப் பெரியவர்கள் எடுத்துக்காட்டும் வசனத்துக்கு வருவோம். மத்தேயு நற்செய்தி 19ஆம் அதிகாரத்தில் இயேசு அதை யாரிடம் சொன்னார்? அடிபட்டு வந்து நின்ற பெண்ணிடம் சொல்லவில்லை. எந்தக் காரணத்துக்காகவும் மனைவியை விலக்கிவிடலாமா என்று கேட்டு வந்த ஆண்களிடம் சொன்னார். அக்காலத்து யூதச் சட்ட அறிஞர்களிடையே இதில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஷம்மாயின் பள்ளி, ஒழுக்கக் கேடு இருந்தால் மட்டுமே விலக்கலாம் என்றது. ஹில்லேலின் பள்ளி, சமையலைக் கெடுத்தாள் என்பதே போதுமான காரணம் என்றது. விலக்குச் சீட்டை எழுதிக் கையில் கொடுத்துவிட்டால், அந்தப் பெண் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும். அந்த வாசலை அடைக்கத்தான் ‘மனிதர் பிரிக்காதிருக்கட்டும்’ என்றார் ஆண்டவர். கேட்டுக்கொண்டிருந்த சீடர்களே, அப்படியானால் திருமணம் செய்யாமலிருப்பதே நல்லது என்று முணுமுணுத்தார்கள் என்றால், அது ஆண்களுக்கு எவ்வளவு கசந்திருக்க வேண்டும்! பலமற்றவளைக் காக்கச் சொன்ன சொல்லை, அவளை அடிக்கிறவனிடமே திருப்பி ஒப்படைக்கப் பயன்படுத்துவது வேத வசனத்தைத் தலைகீழாகப் பிடிப்பதாகும்.

திருச்சபையின் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. வாழ்க்கைத்துணையால் தமக்கோ பிள்ளைகளுக்கோ உடலளவிலோ மனத்தளவிலோ கடுமையான ஆபத்து என்றால், பிரிந்து வாழ்வதற்கு அது நியாயமான காரணம் என்கிறது 1153ஆம் பிரிவு. ஆயரின் ஆணையைப் பெறலாம். தாமதித்தால் ஆபத்து என்றால் யாரையும் கேட்காமலே வெளியேறலாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட ‘அமோரிஸ் லெத்தீசியா’ என்னும் திருத்தூது ஊக்கவுரை 241ஆம் பத்தியில் இன்னும் ஒரு படி மேலே போகிறது: வன்முறையிலிருந்து பலவீனமானவரையும் சிறு பிள்ளைகளையும் அகற்றுவதற்காகப் பிரிந்துபோவது சில வேளைகளில் ஒழுக்கக் கடமையே ஆகிவிடும் என்கிறது. இப்படிப் பிரிந்து வாழ்வதால் திருமணப் பிணைப்பு அறுந்துவிடுவதில்லை. நற்கருணை வாங்க உங்களுக்குத் தடையும் இல்லை. அவர் குடியை விட்டு, சிகிச்சைக்குப் போய், நெடுநாள் மாறாமல் நின்று காட்டினால் சேர்ந்து வாழ்வதைப் பற்றி யோசிக்கலாம். அழுது மன்னிப்புக் கேட்டார் என்பதற்காக மறுநாளே போகாதீர்கள்.

மனைவியர் பணிந்திருக்க வேண்டும் என்று எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை உங்கள் கணவர் வாசித்துக் காட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முந்தின வசனம் ஒருவருக்கொருவர் பணிந்திருக்கச் சொல்கிறது. 25ஆம் வசனம், கிறிஸ்து தம்மையே கையளித்ததுபோல மனைவியை அன்புசெய்யுமாறு கணவரைக் கேட்கிறது. அந்த இரண்டையும் அவர் எப்போது வாசிப்பார்?

*

கேள்வி: கணவரின் அறுவைச் சிகிச்சைக்காகத் தாலிக்கொடியை அடகு வைத்தேன். இப்போது மஞ்சள் கயிறுதான் கழுத்தில். மந்திரித்த தாலியை அடகு வைத்தது பாவம், அதனால்தான் அவருக்கு இன்னும் உடம்பு தேறவில்லை என்கிறார் மாமியார்.
(திருச்சி வாசகி)

பதில்: பாவம் ஏதுமில்லை, அம்மா. திருமணத்தை உண்டாக்குவது உங்கள் இருவரின் இசைவு. தாலி அதன் அடையாளம். நம் மக்களின் வழக்கம் என்பதால் திருச்சபை அதை ஏற்று ஆசீர்வதிக்கிறது. திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் என்பவர் 1704இல் பிள்ளையார் உருவம் பொறித்த தாலியும் நூற்றெட்டு இழை மஞ்சள் கயிறும் கூடாது என்று ஆணையிட்டபோதும், சிலுவை போன்ற கிறிஸ்தவ உருவம் பொறித்த தாலிக்கு இடம் விட்டுத்தான் போனார். (நூற்றெட்டு இழையை அவர் உட்கார்ந்து எண்ணியிருப்பாரோ என்று எனக்குச் சில வேளை தோன்றும்.) ‘நோயிலும்’ என்று நீங்கள் சொன்ன சொல்லுக்குக் கைக்கு எட்டிய பொன்னைக் கொண்டே உயிர் கொடுத்திருக்கிறீர்கள். மாமியாரிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். வட்டி ஏறுவதற்கு முன் மீட்க முடியுமா என்று மட்டும் பாருங்கள்.

*

கேள்வி: எனக்கு வயது 74. மனைவிக்கு மறதி நோய் வந்து ஐந்து ஆண்டுகளாகின்றன. ஆசிரியையாக இருந்தவள். இப்போது என்னை ‘சார்’ என்று கூப்பிடுகிறாள். சாயங்காலம் ஆனால் கைப்பையைத் தூக்கிக்கொண்டு, “எங்க வீட்டுக்குப் போகணும், அப்பா தேடுவார்” என்று வாசலில் வந்து நிற்பாள். பல நாள் பொறுத்துப்போகிறேன். சில நாள் கத்திவிடுகிறேன். மகன், காப்பகத்தில் சேர்த்துவிடலாம் என்கிறான். அது வாக்கு மீறுவதாகாதா? நான் யாரென்றே அவளுக்குத் தெரியாதபோது எங்கள் திருமணம் எங்கேதான் இருக்கிறது?
(மதுரை வாசகர்)

பதில்: ஐயா, அது உங்களிடம் இருக்கிறது. இருவருமாகக் கொடுத்த வாக்கின் நினைவை இப்போது ஒருவராகச் சுமக்கிறீர்கள். முழு அறிவோடு அவர் அன்றைக்குத் தந்த இசைவை நோய் வந்து திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. உங்களை ‘சார்’ என்று அழைக்கும் வேளையிலும் அவர் உங்கள் மனைவிதான்.

வாசலில் வந்து நிற்கும்போது, “இதுதானே நம் வீடு, உன் அப்பா செத்து இருபது வருஷமாச்சே” என்று திருத்துகிறீர்கள் என நினைக்கிறேன். எல்லோரும் முதலில் அதைத்தான் செய்வார்கள். அவருக்கு அந்தச் செய்தி ஒவ்வொரு தடவையும் புதிய சாவுச் செய்தியாகப் போய் விழும். அதைச் சொல்லாதீர்கள். “சரி, போகலாம்” என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு, கைப்பையோடே தெருமுனைவரை நடந்து திரும்புங்கள். அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். இந்த நோய் உள்ளவர்களுக்குச் சாயங்கால வேளையில் பதற்றம் கூடுவது மருத்துவர்கள் நன்கறிந்ததே. இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டுவிடுவதும், அந்த நேரத்தில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைப்பதும் கொஞ்சம் உதவும்.

சிறுவயதில் மனப்பாடமான செபங்களும் பாட்டுகளும் நெடுநாள் தங்கும். நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும்போது ஒரு வீட்டில், மகளையே அடையாளம் தெரியாத மூதாட்டி ஒருவர், ‘அருள் நிறைந்த மரியே’ என்று நான் தொடங்கியதும் மிச்சத்தை ஒரு சொல் பிசகாமல் முடித்து, “சத்தமா சொல்லுங்க” என்று என்னையும் அதட்டினார். உங்கள் மனைவி ஆசிரியை என்கிறீர்கள். பழைய வாய்ப்பாட்டையும் பாடல்களையும் அவரிடம் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு அவர் பாடம் எடுக்கக்கூடும். நோயில்பூசுதலையும் (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் திருச்சடங்கு) அவருக்குக் கொடுக்கலாம், பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள்.

கத்திவிட்டதற்காக உங்களையே நொந்துகொண்டிருக்காதீர்கள். இரவில் தூங்காத 74 வயதுக்காரருக்குப் பொறுமை தீர்ந்துபோவது இயல்பு. அதற்கு மருந்து ஓய்வுதான். மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற எண்ணில் பகல்நேரப் பராமரிப்பு எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கலாம். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்களுடைய மாத்திரைகளுக்காக நீங்கள் வரிசையில் நிற்பதாவது மிச்சமாகும். மகனிடம் யோசனை கேட்காதீர்கள், கிழமை கேளுங்கள்: ‘சனிக்கிழமை காலை முதல் ஞாயிறு மாலைவரை நீ வந்து பார்த்துக்கொள்’ என்று.

காப்பகத்தைப் பொறுத்தவரை, ஒருவரை ஓரிடத்தில் சேர்ப்பதற்கும் அங்கே தள்ளிவிட்டு வருவதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். அவர் இரவில் வெளியேறிச் சாலைக்குப் போய்விடுகிறார், நீங்கள் விழுந்தால் தூக்க ஆளில்லை என்ற நிலை வந்தால், பயிற்சி பெற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டு நாள்தோறும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவது நீங்கள் கொடுத்த வாக்குக்குள் அடங்கியதே. அந்த நிலை வருவதற்கு முன்பே இரண்டு மூன்று இடங்களை நேரில் போய்ப் பார்த்து வையுங்கள். சாப்பாட்டு நேரத்தில் போங்கள். ஊட்டிவிடும் விதத்தைப் பார்த்தால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

*

கேள்வி: வீட்டார் வற்புறுத்தலால்தான் தாலி கட்டினேன், மனத்தில் வேறொருத்தி இருந்தாள் என்று கணவரே வாய்விட்டுச் சொல்லிவிட்டு, இரண்டாம் ஆண்டிலேயே போய்விட்டார். குடும்ப நீதிமன்றத்தில் மணமுறிவு கிடைத்துவிட்டது. மறுமணத்துக்கு, முதல் திருமணம் செல்லாது என்று நடுவர் மன்றம் அறிவிக்க வேண்டும் என்கிறார்கள். இது பணம் உள்ளவர்களுக்குத் திருச்சபை தரும் விவாகரத்துதானே? எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். திருமணம் செல்லாது என்றால் அவள் நிலை என்ன?
(சென்னை வாசகி)

பதில்: மகளைப் பற்றிய கவலையை முதலில் இறக்கி வையுங்கள். திருமணம் செல்லாது என்று பின்னாளில் அறிவிக்கப்பட்டாலும், பெற்றோரில் ஒருவராவது அதை நல்லெண்ணத்தோடு ஏற்றிருந்தால் பிறந்த பிள்ளைகள் முறையான பிள்ளைகளே என்று திருச்சபைச் சட்டத்தின் 1137ஆம் பிரிவு கூறுகிறது.

விவாகரத்து, ஒரு திருமணம் இருந்தது என்று ஒப்புக்கொண்டு அதை முடித்துவைக்கிறது. நடுவர் மன்றமோ திருமண நாளன்று இசைவில் ஏதாவது அடிப்படைக் குறை இருந்ததா என்று பார்க்கிறது. கட்டாயத்தாலோ கடும் அச்சத்தாலோ தந்த இசைவு, முக்கியமான ஒன்றை மறைத்து ஏமாற்றிப் பெற்ற இசைவு, வாயால் சொல்லி மனத்தால் மறுத்த இசைவு, மணவாழ்வின் கடமைகளை ஏற்கும் மனநலம் இல்லாதவர் தந்த இசைவு ஆகியவை முக்கியமான காரணங்கள். பிற்பாடு வந்த சண்டையும் துரோகமும் மட்டும் காரணமாகிவிடா. அவை அன்றைய குறைக்குச் சான்றாக இருக்கலாம், அவ்வளவுதான். கணவர் சொன்னதாக நீங்கள் எழுதுவது உண்மையானால் விசாரிக்க இடமிருக்கிறது. தீர்ப்பு என்னவாகும் என்று நான் இங்கே சொல்ல முடியாது.

பங்குத்தந்தையின் வழியாக மனுக் கொடுங்கள். கணவருக்கும் அறிவிப்புப் போகும். அவர் வராவிட்டாலும் விசாரணை நடக்கும். திருமணத்துக்கு முன்பே உங்கள் இருவரையும் அறிந்தவர்கள் நல்ல சாட்சிகள். திருமணப் பிணைப்பின் காவலர் என்று ஒருவர் இருப்பார். இந்தத் திருமணம் செல்லும் என்பதற்கு நியாயமாகச் சொல்லக்கூடியதையெல்லாம் எடுத்துச் சொல்வது அவர் கடமை. அவர் கேள்விகள் உங்களுக்குக் கோபமூட்டக்கூடும். உங்கள்மேல் அவருக்குப் பகை இல்லை.

பணத்தைப் பற்றிய பேச்சு பழையது, அதற்குக் காரணமும் இருந்தது. முன்பெல்லாம் ஒரு நடுவர் மன்றம் தந்த தீர்ப்பை இன்னொரு மன்றம் உறுதிசெய்தாக வேண்டும், ஆண்டுக்கணக்கில் இழுக்கும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஆகஸ்ட் 15 தேதியிட்ட ஆணையால் அந்தக் கட்டாயத்தை நீக்கினார். அது அவ்வாண்டு டிசம்பர் 8இல் நடைமுறைக்கு வந்தது. விசாரணை இயன்றவரை இலவசமாக இருக்க வேண்டும் என்றும் அதில் கேட்டுக்கொண்டார். கட்டணம் கட்ட இயலாதவர்கள் வெட்கப்படாமல் சொல்லலாம்.

நீங்கள் நீதிமன்றத்துக்கு முதலிலேயே போனது நல்லது. சிலர் ஆயரக ஆணையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு மறுமணத்துக்கு நாள் குறித்துவிடுகிறார்கள். திருச்சபை மன்றத்தின் ஆணை நாட்டின் சட்டப்படி திருமணத்தை முடித்துவைக்காது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அந்த ஆணைக்குச் சட்ட ஏற்பு கேட்டு வந்த பொதுநல வழக்கையும் 2017இல் தள்ளுபடி செய்தது. நம் பெண்கள் அந்த நீதிமன்ற வாசலுக்குப் போக நெடுங்காலம் அஞ்சியதற்கும் சட்டமே காரணம். 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டப்படி, கணவர் மனைவியின் தகாத உறவை மட்டும் காட்டினால் போதும். மனைவியோ அதோடு கொடுமையையோ கைவிடலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 1995இல் கேரள உயர் நீதிமன்றம் இந்தப் பாகுபாட்டைச் சாடிய பிறகு, 2001இல்தான் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. நூற்று முப்பத்திரண்டு ஆண்டுகள்! இருவரும் ஒத்துக் கேட்கும் மணமுறிவுக்கான 10ஏ பிரிவும் அப்போது வந்ததுதான்.

விவாகரத்து ஆனதால் கோவிலில் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு நற்கருணைக்கு எழுந்து போகாமல் இருக்கிறீர்கள் என்று கடிதத்தின் கடைசியில் தெரிகிறது. மறுமணம் செய்யாத நிலையில் அதற்குத் தடை ஏதும் இல்லை. யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். வரும் ஞாயிறே போங்கள்.

*

கேள்வி: கணவர் கத்தாரில் வேலை செய்கிறார். அங்கே ஒரு பெண்ணோடு இரண்டு ஆண்டுத் தொடர்பு இருந்ததை அவரே ஒப்புக்கொண்டு, முடித்துவிட்டதாகச் சொல்லி அழுகிறார். மன்னிப்பதுதான் கிறிஸ்தவம் என்கிறார்கள். மன்னிக்காவிட்டால் நான் விசுவாசமற்றவளா?
(நாகப்பட்டினம் வாசகி)

பதில்: உங்களை விசாரிக்கிறவர்கள் அவரை முதலில் விசாரித்திருக்கலாம். துரோகத்துக்குள்ளானவர் மன்னித்துச் சேர்ந்து வாழ வேண்டும் என்று திருச்சபை உளமாரக் கேட்டுக்கொள்கிறது; ஆனால் பிரிந்து வாழ அவருக்கு உரிமை உண்டு என்பதையும் அதே 1152ஆம் பிரிவில் எழுதி வைத்திருக்கிறது. உண்மையை அறிந்த பிறகும் ஆறு மாதம் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்து, திருச்சபையிடமோ அரசிடமோ முறையிடாமலிருந்தால், மன்னித்ததாகக் கொள்ளப்படும். எனவே முடிவெடுக்க உங்களுக்கு அவகாசம் இருக்கிறது, அதை யாரும் பறிக்க வேண்டியதில்லை.

மன்னிப்பு என்பது நடந்ததை ஒருபோதும் பேசாமல் மூடிவைப்பது என்று அவர் எண்ணியிருந்தால், அதை நீங்கள் ஏற்க வேண்டாம். நீங்கள் கேட்கும் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். சம்பளம் எங்கே போனது என்பதும் அதில் அடங்கும். மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்; இதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். கூடுமானால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு ஊருக்கு வரட்டும், அல்லது உங்களை அழைத்துக்கொள்ளட்டும். ஆண்டுக்கு முப்பது நாள் விடுப்பில் உடைந்த நம்பிக்கையைக் கட்டி எழுப்ப முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக் கடனுக்காகத்தான் போனார் என்றால் கடனை இன்னும் சில ஆண்டுகள் நீட்டுவது எவ்வளவோ மேல்.

*

கேள்வி: என் மகள் இந்துப் பையன் ஒருவரை விரும்புகிறாள். அவர் மதம் மாற மாட்டார். ஆனால் நம் தேவாலயத்தில் வைத்துத் திருமணம் செய்யச் சம்மதம் என்கிறார். முடியுமா?
(கோவை வாசகர்)

பதில்: முடியும். அதற்கு ஆயரிடமிருந்து விதிவிலக்கு ஆணை பெற வேண்டும். தன் விசுவாசத்தில் நிலைத்திருப்பதாகவும், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்து வளர்க்கத் தன்னாலானதைச் செய்வதாகவும் உங்கள் மகள் வாக்களிப்பாள். மாப்பிள்ளை வாக்களிக்க வேண்டியதில்லை, அவளுடைய வாக்கு அவருக்குத் தெரிந்திருந்தால் போதும். மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராயிருந்தாலே 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அத்திருமணம் நடக்கலாம். மனப்பூர்வமாக மாறாத ஒருவரை, கல்யாணத்துக்காகத் திருமுழுக்குப் பெறச் சொல்லி நெருக்காதீர்கள். அது அவர் வாழ்க்கையின் முதல் பொய்ச் சாட்சியாகிவிடும். பிள்ளைகளின் பெயர், பொங்கல், கிறிஸ்துமஸ், இரு வீட்டுச் சாவுச் சடங்குகள் ஆகியவற்றைப் பற்றி அவர்கள் இருவரும் இப்போதே பேசிவிடட்டும். மாமனார் என்ற முறையில் நீங்கள் அந்தப் பேச்சில் உட்கார வேண்டாம்.

*

கேள்வி: மாப்பிள்ளைக்கு வெளிநாட்டிலிருந்து இரண்டு வாரந்தான் விடுப்பு. மூன்று ஞாயிறு ஓலை (கோவிலில் படிக்கும் திருமண அறிவிப்பு) வாசித்தே ஆக வேண்டும் என்கிறார் பங்குத்தந்தை. வாட்ஸ்அப்பில் ஊருக்கே அழைப்பிதழ் போன பிறகு இந்தப் பழைய வழக்கம் எதற்கு?
(திண்டுக்கல் வாசகர்)

பதில்: ஐயா, உங்கள் எரிச்சல் புரிகிறது. பங்குத்தந்தையின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் ஆணும் பெண்ணும் யாருமறியாமல் தமக்குள் வாக்குக் கொடுத்துக்கொண்டாலே அது திருமணமாக எண்ணப்பட்டது. பிறகு அவன் இல்லையென்று சாதித்துவிட்டு இன்னொருத்தியை ஊரறிய மணப்பான். முதலாமவளுக்குச் சாட்சி இருக்காது. இதைத் தடுக்கத்தான் 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் திருமணத்தை முன்கூட்டி அறிவிக்கச் சொன்னது. 1563இல் திரெந்து சங்கம், பங்குக் குருவும் சாட்சிகளும் இல்லாத திருமணம் செல்லாது என்றே முடிவு செய்தது. வெளிநாட்டில் ஏற்கெனவே ஒரு குடும்பம் வைத்திருந்தவரை ஓலையைக் கேட்ட ஒருவர் சொல்லித்தான் பிடித்தோம் என்ற அனுபவம் இங்கும் உண்டு. அழைப்பிதழைப் பார்க்கிறவர் வாழ்த்துச் சொல்வார். ஓலையைக் கேட்கிறவருக்கோ, தடை தெரிந்தால் அதைச் சொல்லும் கடமை இருக்கிறது.

ஓலை வாசிக்க மாப்பிள்ளை ஊரில் இருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் வருவதற்கு முன்பே இரண்டு பங்குகளிலும் வாசித்துவிடலாம். ஆறு மாதத்துக்குள் எடுத்த திருமுழுக்குச் சான்றிதழ், அவர் இப்போது வசிக்கும் நாட்டுப் பங்கிலிருந்து மணமாகாதவர் என்பதற்கான கடிதம், தயாரிப்பு வகுப்புச் சான்றிதழ் ஆகியவற்றை மூன்று மாதம் முன்னதாகவே கேட்டு வாங்கிவிடுங்கள். அந்தக் கடிதம் வந்து சேரத்தான் நாளாகும். உண்மையிலேயே அவசரக் காரணம் இருந்தால், ஓலையில் ஒன்றையோ இரண்டையோ தள்ளுபடி செய்ய ஆயரகத்தில் அனுமதி கேட்கலாம். மண்டபம் கிடைத்த தேதி அவசரக் காரணமாகாது.